வாப்பா திறக்காத கிட்டங்கி

1

போன மாதம் நாகப்பட்டினத்திலிருந்து எனக்கு நான்கு பக்கத் தாள் ஒன்று வந்தது. என் தம்பி மகன் ஜாஹிர் கைப்பேசியில் அனுப்பியிருந்தான். இங்கே பினாங்கில் என் மகன் ரஷீத் அதைத் தன் அலுவலகத்தில் அச்செடுத்துக்கொண்டு வந்து, சாப்பாட்டு மேசையில் மீன்குழம்புக்குப் பக்கத்தில் வைத்தான். கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேல் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

நாகப்பட்டினத்தில் துறைமுகத்துக்குப் போகும் தெருவில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு கிட்டங்கி இருக்கிறது. கப்பலில் வந்த சரக்கையும் கப்பலுக்குப் போகும் சரக்கையும் அடுக்கிவைக்கக் கட்டிய கட்டடம். இருபது வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. ஜாஹிர் அதைப் பழுது பார்த்துத் தங்கும் விடுதி ஆக்கப் பார்க்கிறான். பழமையான கட்டடம் என்று அரசாங்கப் பட்டியலில் சேர்ந்தால் அதற்குக் கைகொடுக்க ஆள் இருக்கிறதாம். சேராவிட்டால், இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்ட இன்னொருவர் காத்திருக்கிறார். பட்டியலில் சேருவதற்குக் கட்டடத்தின் வரலாற்றைக் குடும்பத்தில் உயிரோடு இருக்கும் மூத்தவர் சத்தியம் செய்து எழுதித் தர வேண்டும். மூத்தவள் நான்தான். எழுபத்து நான்கு வயது.

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அதனால் என்ன, ஒரு எழுத்தையும் விடாமல் படிப்பேன். படித்துக்கொண்டிருக்கும்போதே ஜாஹிர் கூப்பிட்டுவிட்டான். எங்களில் அத்தையை மாமி என்போம்.

"மாமி, படிச்சாச்சா?"

"மூணாவது பக்கத்துல பாதியில நிக்கிறேன்."

"அனுப்பி ரெண்டு நாளாச்சு மாமி."

"வக்கீலுக்கு எழுத எத்தனை நாளாச்சு?"

"ஒரு வாரம்."

"அப்ப நான் வேகமாத்தான் படிக்கிறேன். இதுல என் வாப்பாவை, உன் பாட்டனாரைப் பத்தி எழுதியிருக்கே, உழைப்பாளர்களின் பசி கண்டு மனம் இரங்கித் தம் கிட்டங்கியைத் தாமே திறந்து நெல் வழங்கிய வள்ளல்னு, இது யார் எழுதுனது?"

"வக்கீல்தான். அழகா இருக்குல்ல?"

"அழகாத்தான் இருக்கு. நடக்கல."

"ஊரே சொல்லுது மாமி."

"ஊரு அன்னிக்கு வெளியில நின்னுச்சு. நான் உள்ள இருந்தேன்."

அவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "மாமி, அந்த ஒரு பத்திக்காகத்தான் பட்டியல்ல எடுப்பாங்க. அது இல்லன்னா வெறும் செங்கல்லு. அதே மாதிரி அந்தத் தெருவுல இன்னும் ரெண்டு நிக்குது. அடுத்த மாசக் கடைசிக்குள்ள கொடுக்கணும். ஒரு கையெழுத்துத்தானே?"

ஒரு கையெழுத்துத்தான். அதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

2

நான் இந்த ஊருக்கு வந்து ஐம்பத்தேழு வருடம் ஆகிறது. இன்னும் என்னிடம் இருப்பது சிவப்பு அட்டை. இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்கலாம், ஆனால் இந்த நாட்டவள் இல்லை என்று அர்த்தம். என் பிள்ளைகள் எல்லோருக்கும் நீல அட்டை. குடியுரிமைக்கு இரண்டு முறை எழுதிப் போட்டேன். மலாய் பேசச் சொன்னார்கள். சந்தையில் மீன்காரனோடு சண்டை போடுகிற மலாய் எனக்கு நன்றாக வரும். அதிகாரி முன்னால் உட்கார்ந்தால் தமிழும் வராது, மலாயும் வராது. மூன்றாம் முறை நான் போகவில்லை. கெஞ்சிப் பழக்கமில்லை.

என் வீட்டுக்காரர் கடை வைத்திருந்த தெரு இப்போது சுற்றுலாத் தெரு. கடைகளுக்கு முன்னால் நடக்க ஒரு தாழ்வாரம் விட்டிருப்பார்கள், இங்கே அதை அஞ்சடி என்போம். அந்த அஞ்சடிச் சுவரில் எங்கள் பழைய கடைக்கு நேராக ஒரு பித்தளைத் தகடு பதித்திருக்கிறார்கள். இந்திய முஸ்லிம் வணிகர் ஒருவர் இங்கே வாசனைப் பொருள் வியாபாரம் செய்தார் என்று அதில் இருக்கிறதாம். என் மகன் படித்துச் சொன்னான். என் வீட்டுக்காரர் ஒரு நாளும் ஏலக்காய் விற்றதில்லை. குடை, கொசுவலை, பூட்டு, பிளாஸ்டிக் வாளி, இதுதான் வியாபாரம். இப்போது அங்கே காப்பிக்கடை. வெள்ளைக்காரப் பிள்ளைகள் அந்தத் தகட்டுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். வாசனைப் பொருள் என்றால் கேட்க நன்றாக இருக்கிறது, பிளாஸ்டிக் வாளி என்றால் யார் நின்று படம் எடுப்பார்கள்?

அந்தத் தகட்டைப் பற்றி நான் யாரிடமும் முறையிடவில்லை. அதை நான் எழுதவில்லை. என்னைச் சத்தியம் செய்யச் சொல்லவும் இல்லை.

3

எங்கள் தெருவைச் சொல்கிறேன். ஊரில் இருப்பவர்களுக்கு இப்போது அது இன்னொரு தெருவாகத் தெரியும்.

கடல் பக்கத்து முனையில் சுங்க அலுவலகம். அடுத்தது கப்பல் சீட்டு விற்கும் மாடிக் கட்டடம், மரப்படி ஏறிப் போக வேண்டும். அதற்கடுத்தது செட்டியாரின் வெங்காயக் கிட்டங்கி. பிறகு தோல் கிட்டங்கி, அந்த இடத்தைத் தாண்டும்போது எல்லோரும் முந்தானையை மூக்கில் வைத்துக்கொள்வார்கள். அதற்கடுத்தது எங்களுடையது. எதிர்ப்பக்கம் கயிறும் சங்கிலியும் விற்கிற கடைகள். ஒவ்வொரு கட்டடமும் ஒரு சரக்கை நம்பிக் கட்டியது. சரக்கு நின்றதும் கட்டடம் கொஞ்ச நாள் வேறு எதையாவது வைத்துக்கொண்டு ஒப்பேற்றும், பிறகு பூட்டிவிடுவார்கள். வெங்காயக் கிட்டங்கி ரேடியோக் கடையாகி, பிறகு இரண்டாகப் பிரிந்தது. தோல் கிட்டங்கியில் கொஞ்ச காலம் ஒரு டைப்ரைட்டிங் பள்ளிக்கூடம் நடந்தது. மழை பெய்தால் பழைய வாடை கிளம்பும், பிள்ளைகள் வெளியே வந்து நிற்பார்கள்.

எங்கள் கிட்டங்கியைக் கட்டியவர் வாப்பாவின் பாட்டனார். ரங்கூனிலிருந்து அரிசி வந்த காலம் அது. தேக்கு மரம் அங்கிருந்தே வந்தது. செங்கல் ஒல்லாந்தர் காலத்து இடிந்த வீடுகளில் இருந்து எடுத்தது. பூச்சு கிளிஞ்சல் சுண்ணாம்பு. புயலில் கடல் தெருவுக்குள் வந்தாலும் சரக்கு நனையாமல் இருக்கத் தரையை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, பனை உத்தரம் போட்டுப் பலகை அடித்திருந்தார்கள். இதெல்லாம் அந்தத் தாளில் இருக்கிறது. சரியாகவே இருக்கிறது. யார் கட்டினார், எந்த மரம், எந்தச் செங்கல் என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். உள்ளே வேலை எப்படி நடந்தது என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மூன்றாம் பக்கத்துப் பத்தியை அப்படி எழுதியிருக்க முடியாது.

கிட்டங்கி தெருவைப் பார்த்து நிற்கும். அதன் முதுகில் எங்கள் வீடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் நடக்கிற அளவுக்கு ஒரு சந்து. அது பெண்கள் புழங்குகிற பக்கம், வெளி ஆண்கள் வரக் கூடாது. கிட்டங்கியின் பின்சுவரில் உச்சியில் வரிசையாகப் பதினொரு சின்னப் பலகைக் கதவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கயிறு சந்துக்குள் தொங்கும். இழுத்தால் திறக்கும், விட்டால் மூடும். காலையில் மேற்கே வயல் பக்கமிருந்து காய்ந்த காற்று வரும்போது திறக்க வேண்டும். மதியம் கடல் காற்று கிளம்புவதற்குள் மூட வேண்டும், இல்லாவிட்டால் உப்பு ஈரம் சாக்கில் இறங்கிவிடும். கயிறு பெண்கள் பக்கம் இருந்ததால் அந்த வேலை எப்போதும் பெண்களுடையது. கணக்குப்பிள்ளையும் மூட்டை தூக்குபவர்களும் கிட்டங்கியைக் காப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் காத்தது சந்தில் நின்ற நாங்கள்தான்.

பன்னிரண்டு வயதில் அது என் கைக்கு வந்தது. முகத்தில் காற்று பட்டதும் எந்தத் திசை என்று சொல்லிவிடுவேன். என் கையில் இருந்த முதல் நான்கு வருடத்தில் ஒரு மூட்டை பூஞ்சணம் பிடித்ததில்லை. இதை நான் பெருமையாகவே சொல்கிறேன்.

4

எனக்குப் பதினாறு முடிந்த தை மாதம். சென்னையில் ஆட்சி மாறியிருந்தது. எங்கள் தெருச் சுவரெல்லாம் கறுப்பும் சிவப்பும். மேற்கே கிராமங்களில் வரப்புக்கு வரப்பு சிவப்புக் கொடி. அறுவடைக் கூலியை உயர்த்திக் கேட்டு நடவாட்களும் அறுப்பாட்களும் வேலைக்குப் போகாமல் நின்றார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கி அறுத்தார்கள். அடிதடி நடந்தது. குடிசை எரிந்தது என்று பேசிக்கொண்டார்கள். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு இதெல்லாம் மூட்டை தூக்குபவர்கள் வாயிலிருந்து, கணக்குப்பிள்ளை வாய் வழியாக, உம்மா காதுக்கு வந்து, பாதி தேய்ந்து எங்களுக்கு வரும்.

வாப்பாவோடு பழகின மிராசுதார் ஒருவர் இருந்தார். அவர் பெயர் வேண்டாம், பேரப்பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். அவருடைய நெல் எங்கள் கிட்டங்கிக்கு வந்தது. கிராமத்தில் வைத்தால் கூலி ஆட்கள் களத்தில் உட்கார்ந்து பங்கு கேட்பார்கள். சொந்தப் பெயரில் வைத்தால் அரசாங்கக் கொள்முதலுக்கு அளக்க வேண்டும். துறைமுகத் தெருவில் ஒரு முஸ்லிம் வியாபாரியின் கிட்டங்கியில் யார் நெல்லைத் தேடப் போகிறார்கள்? கொப்பரை என்று சொல்லி மூட்டைகளை அடுக்கினார்கள்.

அன்று வாப்பா சந்துக்கு வந்தார். அவர் அங்கே வருவது அபூர்வம்.

"புள்ள, நாளையிலேர்ந்து பலகையைத் திறக்காத."

"ஏன் வாப்பா?"

"குருவி வரும். கொப்பரைக்குக் குருவி வருமா? நெல்லுக்குத்தான் வரும். தெருவுல போறவனுக்கு நாமே சொன்ன மாதிரி ஆயிடும்."

சரிதான். நெல் இருக்கும் கிட்டங்கியைக் குருவி காட்டிக்கொடுத்துவிடும். நான் கயிறுகளைச் சுற்றி ஆணியில் மாட்டினேன்.

நெல் அவசரத்தில் அறுத்தது, அவசரத்தில் அடித்தது. வெயிலில் சரியாகக் காயவில்லை. ஏழாம் நாள் பின்சுவரில் கை வைத்தேன். சுட்டது. வெயில் படாத சுவர் அது. பலகை இடுக்கில் மூக்கை வைத்தால் புளித்த வாடை. வாப்பா சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னேன்.

"நெல்லு வேகுது வாப்பா. காத்து விடணும்."

"அது அவரு நெல்லு. வெந்தா அவருக்கு வேகட்டும்."

"கிட்டங்கி நம்மளது வாப்பா."

"வாயாடாத. மூடினது மூடினபடி இருக்கட்டும்."

உம்மா அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார்: "சொன்னதைக் கேளு புள்ள. ஆம்பளைங்க விசயம்."

இன்னும் மூன்று நாள் சொன்னதைக் கேட்டேன். பதினோராம் நாள் காலையில் நல்ல மேல்காற்று. என் முகத்தில் அடித்தது. நான் போய்ப் பதினொரு கயிற்றையும் இழுத்துக் கட்டினேன்.

ஏழைகளை நினைத்து இழுத்தேன் என்று எழுதினால் இதுவும் வக்கீலுடைய பத்தி போல ஆகிவிடும். யாரையும் நினைக்கவில்லை. என் கையில் இருந்த சரக்கு கெட்டுப்போகிறது, கெட்டதை நான் காத்தேன் என்று ஆகிறது, அது பொறுக்கவில்லை. அவ்வளவுதான்.

5

குருவிகள் வந்தன. ஒன்றிரண்டாக இல்லை, கூட்டமாக. பலகை விளிம்பெல்லாம் குருவி. வேலை இல்லாமல் விறகும் நண்டும் விற்க ஊருக்குள் வந்திருந்த கிராமத்துப் பெண்கள் அதைப் பார்த்தார்கள். அவர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மதியத்துக்குள் முப்பது பேர் கிட்டங்கி வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். சத்தம் போடவில்லை, கல் எறியவில்லை. உட்கார்ந்தார்கள். நாங்கள் நட்ட நெல், எங்கள் கூலியை இங்கேயே அளந்துவிட்டு மிச்சத்தை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோங்கள் என்றார்கள்.

அவர்களில் சிலர் குடிக்கத் தண்ணீர் கேட்டுச் சந்தின் கதவுக்கு வந்தார்கள். உம்மா கொடுக்கச் சொன்னார். நான் செம்பில் மொண்டு ஊற்றினேன். காத்தாயி என்று ஒருத்தி, என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவளாக இருப்பாள், கையைக் குவித்துக் குடித்துவிட்டு மேலே பலகைகளைப் பார்த்தாள்.

"யாரு பாப்பா தொறந்தது?"

"நான்தான்."

"எங்களுக்காவா?"

"நெல்லு வெந்துடுச்சு. அதுக்காக."

அவள் சிரித்தாள். "அதுவும் சரிதான். நெல்லுக்குப் பாவம் பாக்க ஆளு இருக்கு." பிறகு மூக்கைச் சுருக்கினாள். "பத்து நாளா வேகுது போலருக்கே? நாலு நாளு முந்தியே தொறந்திருக்கக் கூடாதா? அந்த நாத்தம் புடிச்சதைத்தானே எங்களுக்கு அளப்பாங்க."

நான் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மூன்று நாள் உட்கார்ந்தார்கள். வாப்பா அந்த மூன்று நாளும் மாடியில் இருந்தார். கீழே வரவில்லை. மூன்றாம் நாள் தாசில்தார் போலீஸோடு வந்தார். வாப்பா சாவியைக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்து அனுப்பினார். பூட்டைத் திறந்தது தாசில்தாரின் ஆள். மிராசுதாரின் ஆள் வந்து பேசி, தெருவிலேயே மரக்கால் வைத்துக் கூலி நெல்லை அளந்தார்கள். மிச்சம் கொள்முதலுக்குப் போனது. அடுக்கின் அடியில் இருந்த மூட்டைகள் கறுத்து முளை விட்டிருந்தன. காத்தாயி சொன்னபடியே அதையும் கலந்துதான் அளந்தார்கள். சந்துக் கதவின் இடுக்கில் நின்று பார்த்தேன். பெண்கள் ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்தார்கள், பிறகு முந்தானையில் வாங்கிக்கொண்டார்கள்.

பத்து நாள் மூடிவைத்த கை என்னுடையது. திறந்த கையைப் பற்றிச் சொல்லும்போது அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

6

அதற்குப் பிறகு வாப்பா என்னிடம் பேசவில்லை. கோபமாக ஒரு வார்த்தைகூட இல்லை. "அவளைக் குடை எடுத்துட்டுப் போகச் சொல்லு" என்று நான் பக்கத்தில் நிற்கும்போதே உம்மாவிடம் சொல்வார். மிராசுதார் பிறகு எங்கள் வாசல் ஏறவில்லை. அவரோடு சேர்ந்த மற்றவர்களும் சரக்கை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். ஆறு மாதத்தில் எனக்கு நிக்காஹ் நடந்தது. மாப்பிள்ளைக்குப் பினாங்கில் கடை. நல்ல மனிதர், அவரைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. கப்பல் ஏறிய அன்று வாப்பா சுங்க அலுவலக வராந்தாவில் நின்றார். சாமான்களைப் படகில் ஏற்றுகிறவர்களிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். என் பெட்டி நனையக் கூடாது என்று சத்தம் போட்டார். என்னைப் பார்க்கவில்லை.

பிறகு இரண்டு முறைதான் ஊருக்குப் போனேன். முதல் முறை போனபோதே கதை மாறியிருந்தது. தேர்தல் கூட்டத்தில் யாரோ ஒருவர், ஏழைகளுக்காகக் கிட்டங்கியைத் திறந்தவர் இந்தப் பெரியவர் என்று மேடையில் சொல்லிவிட்டாராம். கைதட்டினார்களாம். வாப்பா மறுக்கவில்லை. எப்படி மறுப்பார்? எழுந்து நின்று, நான் திறக்கவில்லை, என் மகள்தான் என் பேச்சை மீறினாள் என்று சொல்வாரா? பேசாமல் இருந்தார். அவர் பேசாமல் இருந்தது வரலாறு ஆகிவிட்டது. அவர் இறந்தபோது மய்யித்தை, கிட்டங்கியைத் திறந்தவர் என்று சொல்லியே தூக்கிப்போனார்கள். நான் இங்கே இருந்தேன்.

7

கையெழுத்து வெறுமனே போட்டால் செல்லாது. நான் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவள் என்பதால், கோலாலம்பூரில் நம் நாட்டு அலுவலகத்தில் அதிகாரி முன்னால் போட்டு முத்திரை வாங்க வேண்டும். முன்பதிவு செய்து நாள் கிடைக்கவே மூன்று வாரம் ஆனது. ரஷீத் விடுப்பு எடுத்துக்கொண்டு காரில் கூட்டிப்போனான். ஐந்து மணி நேரப் பயணம். அவனுக்கும் ஐம்பது வயதாகிவிட்டது. தமிழ் பேசுவான், படிக்க வராது. அவன் பிள்ளைகளுக்குப் பேசவும் வராது, நான் பேசினால் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள்.

வழியில் அவனிடம் சொன்னேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை.

"நெல்லு எப்படிம்மா வேகும்? அடுப்பு இல்லையே," என்றான்.

புல் வெட்டிக் குவித்துவைத்த இடத்தில் மறுநாள் கையை விட்டுப் பார், தெரியும் என்றேன். கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே ஓட்டினான்.

"அப்ப நன்னா, உங்க வாப்பா, கெட்டவரா?"

"கெட்டவரும் இல்ல, வள்ளலும் இல்ல. ரெண்டு பக்கத்துக்கும் பயந்த மனுசர்."

"மா, ஒண்ணு கேக்கவா? கோவப்படக் கூடாது. அந்த பில்டிங் நிக்கணுமா, உங்களுக்கு உண்மை நிக்கணுமா?"

"ரெண்டும் நிக்கணும்."

"ரெண்டும் நிக்காதுன்னு ஜாஹிர் சொல்றானே."

அந்தச் சுவர் இடிந்துவிடக் கூடாது என்று நான் நினைப்பது உண்மை. அது வாப்பாவின் சுவர். வாப்பாவின் பெயரை நானே கெடுக்க வேண்டுமா என்று நினைத்ததும் உண்மை. இறந்தவர் வந்து வழக்கு போடப் போவதில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, வழியில் நல்ல இடமாகப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். கோலாலம்பூர் போய்ச் சேரும்வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அலுவலகத்தில் சீட்டுக் கொடுத்து உட்காரவைத்தார்கள். முதல் ஜன்னலில் இருந்த பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. "கையெழுத்து ஏற்கெனவே போட்டாச்சா?" என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டதை ரஷீத் சொன்னான். நான் "பெலும்" என்றேன். இன்னும் இல்லை என்பதற்கு மலாய். இத்தனை வருடம் இந்த ஊர் அலுவலகங்களில் நின்று பழகியதில், ஜன்னலைப் பார்த்தாலே வாய் மலாய்க்குப் போய்விடுகிறது. சொந்த நாட்டு அலுவலகத்தில் போய் மலாய் பேசினேன். அந்தப் பெண் என் பாஸ்போர்ட்டை ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். பிறகு தமிழ் தெரிந்த இளம் அதிகாரி ஒருவரைக் கூப்பிட்டாள்.

அவர் நான்கு பக்கத்தையும் புரட்டினார். முத்திரையை மையில் ஒற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"அம்மா, இதுல இருக்குறதை நீங்களே படிச்சீங்களா? எல்லாம் உண்மைதானே? கேக்கணும்னு விதி, அதான் கேக்குறேன்."

விதிக்காகத்தான் கேட்டார். பதிலைக்கூட எதிர்பார்க்கவில்லை, மற்ற கையால் பேனாவை என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார். ஆனால் அன்றுமுதல் இன்றுவரை யாரும் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

"மூணாவது பக்கத்துல ஒண்ணு உண்மையில்ல," என்றேன்.

நீட்டிய கை நின்றது.

"மா!" என்றான் ரஷீத்.

அதிகாரி என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப திருப்பி எடுத்துட்டுப் போயி, சரியா டைப் பண்ணிட்டு வர்றீங்களா? இல்ல, இங்கேயே தப்பை அடிச்சிட்டு ஓரத்துல சரியானதை எழுதிக் கையெழுத்து வச்சீங்கன்னா நான் சான்று போட்டுருவேன். ஆனா என் முன்னாடியே எழுதணும்."

"ஓரத்துல எடம் பத்துமா?"

"சுருக்கமா எழுதுங்கம்மா."

என் எழுத்து சுருங்காது. ஒவ்வொரு எழுத்தும் புளியங்கொட்டை அளவுக்கு வரும். அந்தப் பத்தியைக் கோடு போட்டு அடித்தேன். பக்கவாட்டு ஓரத்தில் தொடங்கி, கீழே இறங்கி, பக்கத்தைத் திருப்பிவைத்து அடுத்த ஓரத்திலும் எழுதினேன். பின்னால் நின்ற ஒருவன், தமிழ்ப் பையன்தான், பொறுமை இழந்துவிட்டான்.

"என்ன பாட்டி, கதை எழுதுறீங்களா?"

"இல்ல தம்பி, கதையைத்தான் அடிச்சேன்."

அதிகாரி சிரித்துவிட்டார். நான் எழுதியது இது:

"என் வாப்பா திறக்கவில்லை. மூடச் சொன்னார். பத்து நாள் நான் மூடி வைத்தேன். நெல் வெந்தது. பதினோராம் நாள் காற்றுப் பலகையை நான் திறந்தேன். குருவி வந்தது. கூலிக்காரப் பெண்கள் முப்பது பேர் வந்து மூன்று நாள் உட்கார்ந்தார்கள். தாசில்தார் ஆள் பூட்டைத் திறந்தார். கெட்ட நெல்லையும் சேர்த்து அளந்தார்கள். வாங்கிக்கொண்டார்கள்."

அதன் கீழேயும் கடைசிப் பக்கக் கோட்டிலும் கையெழுத்துப் போட்டேன். அவர் இரண்டு இடத்தில் முத்திரை குத்தினார்.

திரும்பும் வழியில் ரஷீத், "முப்பது பேர் பேரும் தெரியுமாம்மா?" என்று கேட்டான். ஒரு பெயர்தான் தெரியும் என்றேன். மற்றவர்களையும் கேட்டிருக்கலாம். தண்ணீர் கொடுத்தேன், பெயர் கேட்கவில்லை.

8

ஜாஹிர் அன்று மாலையே கூப்பிட்டான். ரஷீத் படம் எடுத்து அனுப்பியிருந்தான், அசல் தாளையும் கூரியரில் போட்டுவிட்டான்.

"என்ன மாமி இப்படிப் பண்ணிட்டீங்க! இதை எப்படி நான் கொண்டுபோயிக் கொடுப்பேன்? பெத்த வாப்பாவை..."

"வாப்பாவைப் பத்தி ஒரு தப்பு வார்த்தை எழுதியிருக்கேனா, பாரு."

"வள்ளல்னு இருந்ததை அடிச்சிட்டீங்களே!"

"அது வக்கீல் வார்த்தை. நான் அடிச்சது அவரை, உன் பாட்டனாரை இல்ல."

"வேற ஒண்ணு டைப் பண்ணி அனுப்புறேன். போட்டுக் கொடுங்க மாமி. உங்க காலைப் புடிச்சிக் கேக்குறேன்."

"உன் கட்டடம், நீ இடிச்சாலும் இடி. நான் போட்டது போட்டதுதான்."

அதற்குப் பிறகு பத்து நாள் அவனிடமிருந்து பேச்சில்லை. எங்கள் குடும்பத்தில் ஆண்களுக்குப் பேசாமல் இருப்பது சுலபமாக வரும். இடித்துவிடுவான் என்றே நினைத்துக்கொண்டேன். சந்தைக்குப் போனேன், மீன் வாங்கினேன், மருத்துவரிடம் இரத்த அழுத்தம் காட்டினேன். அந்தச் சுவர் இனி இல்லை என்று நினைத்துப் பழகிக்கொண்டிருந்தேன்.

பதினோராம் நாள் ஒரு செய்தி வந்தது. விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டானாம், என் கோழிக்கிறுக்கல் ஓரத்தோடு. மனம் மாறியல்ல. அவன் அப்படிச் சொல்லவும் இல்லை. புதிதாக ஒன்று எழுதி முத்திரை வாங்க மறுபடி முன்பதிவு செய்து நாள் வாங்க வேண்டும், அதற்குள் கடைசித் தேதி போய்விடும். ஓரத்தில் எழுதியதற்கும் முறைப்படி முத்திரை இருந்ததால் அங்கே வாங்கிக்கொண்டார்கள். உண்மை ஒருவழியாக அரசாங்கக் கோப்புக்குள் போய்ச் சேர்ந்தது, வேறு தாள் கிடைக்காததால்.

கட்டடம் நிற்குமா என்று இன்னும் தெரியாது. ஆள் வந்து அளந்துகொண்டு போயிருக்கிறார்களாம், முடிவு வர மாதக்கணக்கில் ஆகுமாம். நின்றால் வாசலில் ஒரு கல் பதிப்பார்கள். கட்டியவர் பெயர் அதில் வரும். வைத்திருந்தவர் என்று வாப்பாவின் பெயரும் வரும். திறந்தவர் என்று யார் பெயரும் வராது. எனக்கு அது போதும். வாப்பாவுக்குப் போதுமா என்று கேட்க அவர் இல்லை. இருந்திருந்தாலும் பதிலை உம்மாவிடம்தான் சொல்லியிருப்பார்.